பூட்டிய வீட்டிலிருந்து ஒரு நன்றியுரை

மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நிமிடக் கணக்கு இவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட மணிக்கு வாழ்ந்து பழகியவள் நான். திடீரென்று எங்கே எந்தச் சத்தம் கேட்டாலும் என் கண் முதலில் கைக்கடிகாரத்துக்குத்தான் போகும். அன்று எனக்குக் கேட்டது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன என் கணவர் தொண்டையைச் செருமும் சத்தம்.

நான் இயற்பியல் ஆசிரியை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (பின்னால் தெரிந்தால் இன்னும் கேவலம்.) ஒலிநாடாவில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்கள் எப்படிக் காந்தமாகி, வரிசை கட்டி நின்று, ஒரு குரலை வருஷக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்கின்றன என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவள். பேய் பிசாசு என்று பேசிய ஒரு மாணவியை எழுந்து நிற்கவைத்து, அதெல்லாம் மூளைச் சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது எங்கே இருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும்.

என் மகள் யாழினிக்கு மூன்று வயதாகும்போது அவர் போனார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர், ஐந்தாம் நாள் வேறு மாதிரி திரும்பி வந்தார். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவர் குரல் பதிவான ஒரே ஒரு கேசட் வீட்டில் இருந்தது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். ஒருமுறை ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனிதர். ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிவந்து, நாலு நாள் வீட்டில் அந்த உரையைப் பேசிப் பேசிப் பதிவு செய்தார். விழா அன்று மேடையேறி, "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். (மைக் கைக்கு வந்த நேரமும் போன நேரமும் ஒன்று.) உரை முழுசாக இருந்தது அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஏரித் தண்ணீர் ஆவடிப் பக்கம் எங்கள் சேக்காட்டுக்குள் புகுந்து எங்கள் வீட்டில் முழங்கால் அளவு நின்ற வருஷம், டப்பாவும் நனைந்தது. சேற்றைத் துடைத்து, அரிசிக்குள் புதைத்து, காயவைத்து, மறுபடி எடுத்து வைத்துவிட்டேன். யாழினி கேட்டபோது, தண்ணியில போயிடுச்சும்மா என்று சொல்லிவிட்டேன். இருக்கிறது என்று சொன்னால் போடச் சொல்வாள். போட்டால் அறுந்துவிடும். அறுந்தால் அவளுக்கு அப்பா இரண்டாவது முறையாகப் போவார். என் கவலைகள் எல்லாமே இப்படித்தான், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வரும். அவள் காலையில் ரயில் ஏறினால் ஒரு போன், இறங்கினால் ஒரு போன், ஆபீஸுக்குள் நுழைந்தால் ஒரு போன் செய்ய வேண்டும் என்று இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சட்டம் போட்டு வைத்திருப்பவள் நான்.

இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னும் ஆறு வாரம். தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவையாவது அவள் அப்பாவின் குரலை அவள் காதில் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. அவளிடம் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லலாம், கிடைக்காவிட்டால் தண்ணியில போனது போனதாகவே இருக்கட்டும் என்பது திட்டம்.

அம்பத்தூரில் பழைய டேப்புகளைச் சரிசெய்பவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே சுற்றியிருந்த நாடாவின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. கையாலேயே மெதுவாகச் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும், அதுவரை நீங்கள் கை வைக்காதீர்கள் என்றார். இரண்டு வாரம் அதை அங்கே விட்டுவிட்டு வருவதா? மகளை முதல் நாள் பள்ளியில் விட்டுவிட்டு மதியம் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜாதி நான். நானும் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். அவர், கடையில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது என்றார். கேசட்டை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

காலாண்டு விடுமுறை. யாழினி காலையில் ஆபீஸ் கிளம்பியதும் சாப்பாட்டு மேஜையை ஆய்வகமாக்கினேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு வைத்திருக்கும் பெரிய டேப் செட்டை முந்தின நாளே ஆட்டோவில் கொண்டுவந்திருந்தேன். ஆயிரம் பிள்ளைகள் கூச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று வாங்கிய செட் அது, இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளோடு. ஒரு பக்கம் முடிந்தால் 'டக்'கென்று தானே திரும்பி மறுபக்கத்தைப் போடும். அது முடிந்தால் மறுபடி முதல் பக்கம். நிறுத்துகிறவரை நிற்காது.

கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றினேன். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, பென்சிலால் சுற்றிச் சுற்றி நாடாவைத் துடைத்தேன். முதல் பாதி நன்றாக வந்தது. சரியாக நடுவில், பூஞ்சையால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இடத்தில், 'டிக்'.

அறுந்துவிட்டது.

இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு மின்விசிறியை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி, செல்லோடேப்பை நகம் வெட்டும் கத்தரியால் இழை போல வெட்டி, முனைகளைச் சேர்த்து ஒட்டினேன். கேசட்டை மூடி, செட்டில் போட்டு, பிளே பொத்தானை அமுக்கினேன். சக்கரம் சுற்றியது. சத்தம் இல்லை. ஒலியைக் கூட்டினேன். இல்லை. கடைசி வரை திருகினேன். இரைச்சல் மட்டும் வந்தது. அதையும் கேட்கவிடாமல் கரண்ட் போய்விட்டது.

தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். யாழினியிடம் நான் சொன்ன பொய், நான் சொல்லும்போதே உண்மையாகத்தான் இருந்திருக்கிறது. கொல்லைக்குப் போய், துவைத்த துணிகளை எடுத்து மறுபடி துவைத்தேன். (வேறு என்ன செய்வது என்று தெரியாதபோது நான் செய்வது அது.) பொத்தான் அமுங்கியபடியே இருப்பதும், ஒலி கடைசி வரை திருகியிருப்பதும் என் நினைவிலேயே இல்லை. கரண்ட் திரும்பி வந்ததும் தெரியவில்லை.

மூன்று பத்துக்கு வீட்டுக்குள்ளிருந்து அவர் செருமினார். மூன்று முறை. அவர் எப்போதும் மூன்று முறைதான் செருமுவார்.

அந்த இரண்டு நொடியில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? பயமில்லை. 'ஐயோ, இன்னும் சமைக்கவில்லையே' என்று தோன்றியது. கொஞ்சம் கழித்துத்தான் கேசட் ஞாபகம் வந்தது.

ஈர நைட்டியோடு உள்ளே ஓடி, கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு (எந்த நிலையிலும் தாழ் போடும் கை இது), ஒலிபெருக்கிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கு அவர் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கேன்டீனுக்கு நன்றி. பந்தல் போட்டவருக்கு நன்றி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தக் குரல் இவ்வளவு இளசு என்பதை நான் மறந்தே போயிருந்தேன். எனக்கு ஐம்பது வயது. பேசிக்கொண்டிருந்தவருக்கு முப்பத்திரண்டு. என்னிடம் படித்த பையன் ஒருவன் எழுந்து பதில் சொல்வதுபோல இருந்தது.

உரை முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "மேடையில் வீற்றிருக்கும் பெரி" என்பது வரை அவர். அதற்கப்புறம் வந்தது அவர் இல்லை.

அதை எப்படி எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கிணற்றுக்கு அடியிலிருந்து ஒருவர் பேசுகிறார். பேசவில்லை, பேச்சை உள்ளே இழுக்கிறார். ஒவ்வொரு சொல்லும் மெல்ல வீங்கிப் பெரிதாகி, சட்டென்று விழுங்கப்படுகிறது. தமிழில்லை, எந்த மொழியும் இல்லை. ஆனால் குரலின் அடியில் அவர்தான். நடுவே ஒரு குழந்தை சிரித்தது. சிரிப்பு முடிவிலிருந்து ஆரம்பத்துக்குப் போனது. முதலில் மூச்சு வாங்கல், பிறகு கெக்கலி, கடைசியில் அந்தச் சிரிப்பு பிறப்பதற்கு முந்தைய ஒரு சின்ன திகைப்பு. அது என் மகளின் சிரிப்பு என்பது என் வயிற்றுக்குத் தெரிந்தது.

எட்டிக் கையை நீட்டினால் பொத்தான். நான் கையை நீட்டவில்லை. எழுந்து ஓடினேன்.

வாசல் கதவு எனக்குப் பின்னால் காற்றில் சாத்திக்கொண்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. மகளின் பாதுகாப்புக்காகப் போன வருஷம் நானே தேடிப்பிடித்து வாங்கிப் போட்டது. சாவி உள்ளே. போன் உள்ளே. நான் வெளியே, ஈர நைட்டியில், தோளில் ஒரு துண்டோடு.

என்ன நடந்தது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அம்பத்தூர்க்காரரிடம் தலைகுனிந்து கேசட்டை நீட்டியபோது, அவர் என் ஒட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நாடாவுக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு முகத்தில்தான் துகள் பூசியிருக்கும், மறுமுகம் வெறும் முதுகு. நான் ஒரு முனையின் முகத்தை இன்னொரு முனையின் முதுகோடு சேர்த்து ஒட்டியிருக்கிறேன். ஒட்டுக்கு அப்புறம் பாதி நாடா முதுகைக் காட்டிக்கொண்டு, புரண்டபடி ஓடியிருக்கிறது. மறுபக்கத்தில் பதிவாகியிருந்ததெல்லாம் மங்கலாகவும் பின்னோக்கியும் கேட்டிருக்கிறது. நான் முதலில் போட்டபோது ஓடியது மறுபக்கத்தின் கடைசியில் பதிவில்லாத இடம்; கரண்ட் வந்ததும் அது முடிந்து நாடா முதல் பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். டெய்லர் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கோ எனக்கு ஒன்றும் தெரியாது. தெருவில் நின்றேன். உள்ளே அது உறிஞ்சிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவர் தண்ணீர் கேன் போடும் செல்வம். வண்டியை நிறுத்தி, கேனை இறக்கப்போனவர், அப்படியே நின்றார்.

"இன்னா டீச்சர், உள்ள ஆம்பள கொரலு கேக்குது?"

ஒன்றுமில்லை, டேப் ஓடுகிறது என்றேன். இந்தக் காலத்தில் யார் வீட்டில் டேப் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது. காதை ஜன்னலில் வைத்தார். எடுத்தார். யாரோ வாயைக் கட்டிப்போட்ட மாதிரி முனகுவதாகச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் போன் போடட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். கணவர் இல்லாத டீச்சர் வீடு. உள்ளே வாய் கட்டப்பட்ட ஒரு ஆண். வெளியே நைட்டியில் வியர்த்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லும் டீச்சர். அவர் இடத்தில் நான் இருந்தால் போனே போட்டிருப்பேன். கையைப் பிடித்துக் கெஞ்சி நிறுத்தினேன். அதற்குள் வாசலில் ஆள் சேர ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவில் நல்லது கெட்டது எதற்கும் அழைப்பு தேவையில்லை.

அவர்களில் எதிர்வீட்டு கஸ்தூரி அக்காவும் இருந்தார். இங்கே வயலாக இருந்த காலத்திலிருந்தே இருக்கும் குடும்பம். இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கிறார். என் கணவரைத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே உறிஞ்சல் நின்றது. திடீரென்று தெளிவாக, பாத்திரம் உருளும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு வீட்டுக்குள் ஆள் நடமாடினால் என்னென்ன கேட்குமோ எல்லாம். நாடா திரும்பி ஓடி, ஒட்டைத் தாண்டி, மறுபக்கத்தின் நேரான பாதிக்கு வந்திருக்கிறது. (இதுவும் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கும் அது ஆள் நடமாட்டம்தான்.)

செல்வம் கதவை ஓங்கித் தட்டினார். "யாருய்யா உள்ள? மருவாதியா கதவத் தெற."

உள்ளிருந்து பதில் வந்தது. "இரு, வரேன்."

எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான். கைப்பிடி திரும்பும் என்று காத்திருந்தேன். அது டேப் என்று தெரிந்தவள், அங்கே இருந்ததிலேயே படித்தவள், நைட்டியின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

கஸ்தூரி அக்காவின் முகம்தான் மாறியது. "டீச்சரம்மா, இது மூர்த்தி கொரலு."

டேப்தான் அக்கா, பழைய டேப் என்று நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நம்பித்தான் ஆட்டுகிறார் என்று நினைத்தேன். அப்போது உள்ளே என் கணவர் கேட்டார், வெந்நீர் வைத்தாயா என்று. அதற்கு ஒரு பெண் பதில் சொன்னாள். "வெச்சாச்சு. மொதல்ல அந்த மிஷின நிறுத்திட்டு வந்து குளிங்க."

என் குரல். நான் வெளியே நிற்கிறேன். உள்ளே நான் கோபப்படுகிறேன்.

கஸ்தூரி அக்கா ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாகப் பால் ஊற்றுகிறவர், என்னை விட்டு இரண்டடி பின்னால் போனார்.

"அப்ப நீ யாரு?"

இந்தக் கேள்விக்கு இயற்பியலில் பதில் இருக்கிறது. என் கையை நானே தொட்டுப் பார்த்தேன் என்று பிறகு செல்வம் ஊருக்கெல்லாம் சொன்னார். இருக்கலாம். கஸ்தூரி அக்கா தன் வீட்டுக்குப் போய் ஒரு கையில் வேப்பிலையும் இன்னொரு கையில் விளக்குமாறுமாகத் திரும்பி வந்தார். எது யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

நாலு பத்துக்கு உள்ளே 'டக்' என்றது. மூன்று செருமல். அப்புறம் அவர் நல்ல மேடைத் தமிழில், பள்ளி ஆண்டு விழாவின் முழு ஒலியில், ஆரம்பித்தார்.

"மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இங்கே திரளாகக் கூடியிருக்கும் அன்புத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்."

கூடியிருந்த இருபது பேரில் இரண்டு பேர் கைகூப்பினார்கள். நான் பார்த்தேன்.

வேலைக்கு நடுவிலும் இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது என்றார். ஒருவரும் நகரவில்லை. மேடையில் ஒரே வரியில் இறங்கி ஓடிவந்த மனிதர், இருபத்திரண்டு வருஷம் கழித்து, சேக்காட்டில் ஒரு தெருவைக் கட்டிப்போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

செல்வம் மீட்டர் பெட்டியைத் திறந்து, மெயினை அணைத்துவிடவா என்று சைகையில் கேட்டார். நியாயமாக நான் தலையாட்டியிருக்க வேண்டும். அந்தச் செல்லோடேப் ஒட்டு எந்தச் சுற்றில் வேண்டுமானாலும் விட்டுப்போகலாம், செட் நாடாவை மென்று துப்பலாம், யாழினிக்கு என்று இருந்த ஒரே குரல் அதோடு போகலாம். ஒவ்வொரு நிமிடமும் அது நடக்கப்போகிறது என்றுதான் நடுங்கிக்கொண்டு நின்றேன். ஆனாலும் அவரை அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

"கை வெக்காதப்பா," என்றேன். என் குரல் வேறு மாதிரி வந்திருக்க வேண்டும். செல்வம் பெட்டியை மூடிவிட்டு, கேன் மேல் உட்கார்ந்தார்.

இதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர்க்காரர் ஒட்டைப் பிரித்து, புரட்டி, சரியாக ஒட்டிக் கொடுத்தார். பதினைந்து நாள் ஆனது. நான் ஒரு நாள்கூடப் போய் உட்காரவில்லை. நேரானதும் பார்த்தால், என்னை ஓடவைத்த அந்தப் பின்பாதி முழுவதும் என் கணவர் தன் மகளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். என் மருமகன் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், கதவைத் தட்டிவிட்டு அவரே "இரு, வரேன்" என்று உள்ளிருந்து வருவது போன்ற குரலில் பதிலும் சொல்லிக்கொள்வார். செல்வம் கேன் இறக்கும்போது, சார் இருக்காரா டீச்சர் என்று கேட்பார். மூர்த்தியை ஜன்னலில் வெள்ளைச் சட்டையோடு பார்த்ததாகக் கஸ்தூரி அக்கா சொல்லிவருகிறார். நான் மறுப்பதில்லை. கரண்ட் போனால் இன்றும் வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருகிறேன். திரும்பி வரும் அந்த ஒரு நொடிக்கு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், எதற்காக என்று எனக்கே தெளிவில்லை.

அன்று கடைசியாக வந்தது யாழினி. ஒரு மணி நேரமாக நான் போனை எடுக்கவில்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டு, அம்பத்தூரில் ரயிலேறி, ஆவடியில் இறங்கி, ஆட்டோவில் வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமில்லை. நான் தினமும் பயப்படுவதை ஒரு நாள் அவள் பயந்திருக்கிறாள். என்னை முழுசாகப் பார்த்து, தோளைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே கேட்கும் குரலைக் கவனித்தாள்.

"யாரும்மா உள்ள?"

அன்று மதியம் எத்தனையோ பேர் அதைக் கேட்டுவிட்டார்கள். அவளும் கேட்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அப்பா," என்றேன்.

அவள் பைக்குள் கையை விட்டாள். மாற்றுச் சாவி எப்போதும் அவளிடம் ஒன்று உண்டு. அதை எடுத்துப் பூட்டில் வைத்தாள். திருப்பவில்லை. கதவில் நெற்றியை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பந்தல் போட்டவருக்கு நன்றி. ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றி. தண்ணீர் கொடுத்த தம்பிகளுக்கு நன்றி. (செல்வம் கேனிலிருந்து எழுந்துவிட்டார்.) பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது, தாள் முடிந்துவிட்ட மனிதரின் குரல். யார் பெயரையாவது சொல்லாமல் விட்டிருந்தால் அருள்கூர்ந்து மன்னிக்க வேண்டும் என்றார்.

யாழினி கதவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"என் பேர விட்டுட்டாரும்மா," என்றாள்.